மைக் வயர்ப் புரட்சியும் இரண்டு நத்தார் பாப்பாக்களும்

அஜின்கோர்ட்,
மார்கழி 19.

அன்புள்ள மச்சான் அகஸ்ரின் அறிவது,

மடு மாதாவின் காவலில் மன்னாரில் நீரும் மச்சாளும் சுகமென நம்புகிறேன். இங்கே என் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உமது தங்கை எமில்டாதான் கட்டுப்பாட்டில் இல்லை.

எங்கள் முதியோர் சங்கத்தில் புரட்சி நடந்தது. பதினெட்டு வருடம் தலைவராக இருந்த சீமோன், தன்னைப் பற்றித் தானே எழுதிய பாராட்டுரையின் நான்காம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கையில், அங்கத்தவர் கிளிபோட் எழும்பிப் போய் மைக் வயரைக் கழற்றிவிட்டார். சபை கை தட்டியது. சீமோன் இரண்டு தரம் வாயசைத்துப் பார்த்தார். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம், மச்சான். அந்தச் சுதந்திரம் தேத்தண்ணி வரும்வரை நீடித்தது.

"வயரைக் கழட்டினது நான். தலைவர் கதிரை எனக்கு," என்றார் கிளிபோட்.

"முதல் கை தட்டினது நான். நான் தட்டாட்டி உம்மை விசரன் எண்டு வெளிய தள்ளியிருப்பினம்," என்றார் குணவதி ரீச்சர்.

தேத்தண்ணியோடு வந்த ரோல்ஸைத் தின்று முடியுமுன் சங்கம் இரண்டாகிவிட்டது. இரண்டுக்கும் பெயர் 'மக்கள் அணி'. இரண்டும் நிறைவேற்றிய முதல் தீர்மானமும் ஒன்றே: இனி யாரும் மைக் வயரைத் தொடக்கூடாது.

எனக்குக் கொள்கை எதுவும் இல்லை. என்னை வைத்தியரிடம் காரில் கூட்டிப்போவது கிளிபோட். ஆகவே நான் கிளிபோட் அணி. எமில்டாவோ ரீச்சரின் அணி. "கிளிபோட்டின்ர ஆளுக்குச் சோறு மேசையில இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவா. நாற்பத்தொரு வருடச் சீவியம். ஷெல்லடியிலும் பிரியாத எங்களை ஒரு வயர் பிரித்துவிட்டது.

போன சனிக்கிழமை நத்தார் ஒளிவிழா. இரண்டு அணியும் ஒரே மண்டபத்தில், நடுவில் கதிரைகளை அடுக்கி எல்லை போட்டுக் கொண்டாடின. சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாக நான் எங்கள் அணியின் நத்தார் பாப்பா. முன்வாசலால் மணியடித்துக்கொண்டு நுழைந்தால், பின்வாசலால் இன்னொரு நத்தார் பாப்பா வருகுது. நடையைப் பார்த்ததும் பிடிபட்டது.

"எமில்டா! நீர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

"எதிரணியிட்ட ஆர் சொல்லுவினம்?"

அந்த நேரம் அவவின் தாடி கழன்று விழப் பார்த்தது. பாவமாக இருந்தது. எல்லையைத் தாண்டிப் போய் முடிச்சைக் கட்டிவிட்டேன். அவ்வளவுதான். "துரோகி!" என்று இரண்டு பக்கமும் ஒரே குரல். புரட்சிக்குப் பிறகு இரு அணியும் ஒன்றுபட்டது அந்த ஒரு தரம்தான்.

"எதிரணிக்காரியின்ர மனுசனை என்ர காரில ஏத்தேலாது," என்று கிளிபோட் போய்விட்டார். ரீச்சரும் எமில்டாவை விட்டுவிட்டுப் போய்விட்டா. பனிக்குள் பஸ் தரிப்பில் இரண்டு நத்தார் பாப்பாக்கள். எமில்டா என் கையைப் பிடித்தா. "இஞ்சருங்கோ, இனி எந்த அணியும் எங்களுக்கு வேண்டாம்," என்றா. எனக்குத் தாடிக்குள் கண்ணீர் வழிந்தது. அரசியலை அன்றோடு விட்டோம்.

மாதா உங்கள் வீட்டை எல்லா ஆபத்திலிருந்தும், சிறப்பாகச் சங்கங்களிலிருந்தும், காப்பாளாக.

உமது மச்சான்,
செல்வரட்ணம்

பி.கு.: இன்று காலை மூன்றாவது அணி ஆரம்பமாகிவிட்டது. மக்கள் கேட்டுக்கொண்டதால் நான்தான் தலைவர். நான்காவது அணியின் தலைவி என்று ஒருத்தி உமக்குக் கடிதம் போடுவா. உடன்பிறந்தவ என்று பார்த்து நம்பிவிடாதேயும்.