அம்மா கிள்ளியது போக மீதி உயரம்

வேலை பார்க்கும் இடத்துக்கு அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். வங்கியில் வேலை பார்ப்பவர்கள் வேண்டுமானால் அழைத்துப் போகலாம். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து ஏசிக் காற்று வாங்கிவிட்டு வந்துவிடுவார். உங்களுக்கு வயலில் வேலை, அம்மா காலமெல்லாம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர் என்றால் மட்டும் தயவுசெய்து வேண்டாம். பட்டவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது ஒரு விதைக் கம்பெனி குன்னூரை அடுத்த ஜெகதளா பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கொண்டைக்கடலை விதைத்திருந்தது. (இந்த மலையில் கொண்டைக்கடலையா என்று எங்கள் தெருவே சிரித்தது. எந்த ரகம் குளிரைத் தாங்கும் என்று பார்ப்பதற்காகத்தான் அந்த விதைப்பு.) அங்கே எனக்குத் தற்காலிக வேலை. ஒவ்வொரு ரகத்தின் செடியையும் பார்த்து அதன் குணங்களைச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்ட கல்யாணத் தரகர் வேலைதான். உயரமா குட்டையா, நிமிர்ந்து நிற்குமா, தரையோடு படருமா, பூ வெள்ளையா ரோஸா, ஒரு காம்பில் ஒரு காயா இரண்டா, அடிக்காய் தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்று ஜாதகமே கணிக்க வேண்டும்.

அந்த வயலின் மாப்பிள்ளை, நாங்கள் ‘நெட்டை’ என்று செல்லமாகக் கூப்பிட்ட ஒரு ரகம். எங்கள் ஸ்டெல்லா மேடம் வருஷக்கணக்காக ரகங்களைக் கலந்து கலந்து உருவாக்கியது. மற்ற ரகங்கள் முழங்காலைத் தொடவே மூச்சு வாங்கும்போது நெட்டை தொடை வரைக்கும் நிமிர்ந்து நிற்கும். அறுவடை இயந்திரம் தரையை ஒட்டி வெட்டாது என்பதால் குட்டைச் செடியின் காய் பாதி வயலிலேயே போய்விடும். நெட்டைக்கு அந்தக் கவலை கிடையாது. மேடத்தின் பெருமை முழுக்க அந்த உயரத்தில் இருந்தது.

என் பிழைப்பும் அதில்தான் இருந்தது. அந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. கோயம்புத்தூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்து, நெட்டையைப் பிடித்துப்போனால் அடுத்த பருவமும் இங்கே விதைப்பு, எனக்கும் வேலை. பிடிக்காவிட்டால் வேலியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா ஏற்கெனவே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். செடியோடு பேசிக்கொண்டு திரிந்தவளுக்குப் பனியன் கட்டுகளோடு பேச என்ன இருக்கிறது?

இதில் நான் செய்த புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். எல்லாக் குணங்களையும் பதிந்து முடித்தவள், உயரத்தை மட்டும் அளக்காமல் வைத்திருந்தேன். குழுவின் கண்முன்னால், வண்ணம் அடித்த அளவுகோலை நெட்டையின் பக்கத்தில் ஊன்றி, எல்லோரும் ‘ஆ’ என்று வாயைப் பிளக்க, நான் அடக்கமாகப் புன்னகைப்பதாகத் திட்டம். (அந்தப் புன்னகையைக் கண்ணாடி முன்னால் பழகியும் பார்த்தேன்.)

குழு வருவதற்கு முந்தைய நாள் வயல் ஆட்கள் எல்லோரும் தங்கள் ஹட்டியில், அதாவது கிராமத்தில், பண்டிகை என்று லீவு போட்டுவிட்டார்கள். வரிசைக்கு வரிசை களை. நான் குன்னூர் போய் பேனர் அடித்து, குழுவுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்து வர வேண்டும். அம்மாவும் சரோஜா சித்தியும் ரிட்டையர் ஆகி வீட்டில் சும்மாதான் இருந்தார்கள். இரண்டு பேரையும் வயலில் கொண்டுபோய் விட்டேன்.

“களையை மட்டும் எடுத்துட்டு, பார்க்க ஒரே சீரா வெச்சிடுங்கம்மா. நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க” என்றேன்.

“பெரிய ஆளுங்க வந்தா எப்படி வெக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா? நீ போ கண்ணு” என்றார் அம்மா. சாப்பாட்டையும் தானே செய்து கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சாயங்காலம் பேனரோடு திரும்பி வந்தேன். வயல் ஓரத்தில் அம்மாவும் சித்தியும் இடுப்பில் கை வைத்து நின்று, செய்த வேலையை ரசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு களை இல்லை. ஆனால் வயலில் என்னவோ சரியில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மேசை விரித்ததுபோல் ஒரே மட்டம். நெட்டையைத் தேடினேன். ரகப் பலகை இருந்தது. நெட்டையைத்தான் காணோம்.

“அம்மா… இங்க உயரமா ஒண்ணு நின்னுச்சே?”

“அதுதான் கண்ணு பெரிய தொல்லை. மத்ததெல்லாம் அடக்கமா இருக்குது, இது மட்டும் எகிறிட்டு நிக்குது. எஸ்டேட்ல துரை வர்ற அன்னிக்கு மட்டம் தப்பினா எங்க சூப்பர்வைசர் உசுரை எடுத்துருவாரு. நானும் சித்தியும் கிள்ளிக் கிள்ளி ஒரே மட்டத்துக்குக் கொண்டாந்துட்டோம். விரலெல்லாம் புளிப்பு ஏறி எரியுது பாரு.”

கையைக் காட்டினார். பாவம், நிஜமாகவே சிவந்திருந்தது. கொண்டைக்கடலைச் செடியில் கசியும் புளிப்பு அப்படி. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கூடை நிறையக் கொழுந்து, பக்கத்தில். மேடத்தின் அத்தனை வருஷமும் அந்தக் கூடையில் கிடந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது? “ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றேன். அழுகை வந்தது. பேனரைக் கண்ணுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எழுந்ததும் செய்த முதல் வேலை, ஜன்னலைத் திறந்து பனிமூட்டம் இருக்கிறதா என்று பார்த்தது. இருந்தது. எதிரில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியே தெரியவில்லை. மாதாவே, சாயங்காலம் வரைக்கும் இப்படியே வெச்சிரு என்று வேண்டிக்கொண்டேன். (டூரிஸ்ட்டுகள் என்னை மன்னிக்க.)

குழு வந்தது. தலைவர் டாக்டர் நாச்சிமுத்து, பக்கத்தில் மேடம், பின்னால் குல்லாய் போட்ட இரண்டு பேர். நாச்சிமுத்து சார் அதிகம் பேசமாட்டார். செடியைப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார், மறுபடி செடியைப் பார்ப்பார். அதற்குள் உங்களுக்கு வியர்த்துவிடும். எனக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

மூட்டத்துக்குள்ளேயே அவர்களை நடத்திக்கொண்டு போனேன். பூ நிறத்தைப் பற்றி ஐந்து நிமிஷம், இலை அளவைப் பற்றி பத்து நிமிஷம். ஒவ்வொரு ரகத்தின் முன்னாலும் குனியவைத்து, நிமிரவிடாமல் பேசினேன். மேடம் காதோரம் வந்து, “பிரிசி, சீக்கிரம் நெட்டைக்குப் போம்மா” என்றார். “போறேன் மேடம்” என்று அடுத்த குட்டைச் செடிக்குப் போனேன்.

கடைசி வரிசைக்கு வரும்போது யாரோ போர்வையை உருவினமாதிரி மூட்டம் விலகிவிட்டது. வெயில் பளீரென்று விழுந்தது. மேடம் வயலைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

“உயரமான ரகம் எதுங்க?” என்றார் நாச்சிமுத்து சார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கவே கூடாது.

“காட்டெருமைங்க சார். நேத்து வேலியைத் தாண்டி வந்து மேஞ்சிருச்சுங்க.”

இந்த மலையில் எல்லாத் தப்பையும் தலையில் கட்டக் காட்டெருமையைவிட வசதியான பிராணி கிடையாது. சார் நெட்டையின் ஒரு கிளையைப் பிடித்து நுனியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி நுனியைப் பார்த்தார்.

“வேலி நல்லாத்தானே இருக்குது?”

“சரி பண்ணிட்டோம் சார்.”

“தரையில கால் தடம் காணோமே?”

“களை எடுத்தப்போ அழிஞ்சிருச்சுங்க.”

“சாணி?”

“எருவுக்கு ஆகும்னு பக்கத்துத் தோட்டத்துக்காரங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க சார்.” (எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பொய். வாய் தன் பாட்டுக்கு ஓடியது.)

“ரொம்ப ஒழுக்கமான காட்டெருமையா இருக்கும்போல. வேரோட பிடுங்கலை, மிதிக்கலை, நுனியை மட்டும் கடிச்சிருக்குது” என்று சொல்லிவிட்டு, அவர் நடந்தார். மேடம் கலங்கிய கண்ணோடு என் தோளைத் தட்டி, “நீ என்னம்மா பண்ணுவே” என்று ஆறுதல் வேறு சொன்னார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

எப்படியோ மதியம் ஆனது. ஷெட்டில் பெஞ்ச் போட்டிருந்தோம். அம்மா பட்டுப் புடவை கட்டி, கேரியரோடு வந்து பரிமாறினார். சோறு, ரசம், உருளைக்கிழங்கு, ஒரு கீரைக் கடைசல். இன்னும் அரைமணி நேரம் தாண்டினால் போதும், ஜீப் கிளம்பிவிடும் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

நாச்சிமுத்து சார் இரண்டாவது தடவை கீரை கேட்டு வாங்கினார். அன்றைக்கு அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு.

“நல்லா இருக்குதுங்கம்மா. புளி போடாமயே புளிப்பா இருக்குது. என்ன கீரைங்க?”

எனக்கு அப்போதுதான் அந்தக் கூடை ஞாபகம் வந்தது. ஐயோ! அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன், கையை ஆட்டினேன், இருமினேன். “தண்ணி குடி கண்ணு” என்று டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, அம்மா பெருமையாகத் திரும்பினார்.

“நம்ம வயல்துதானுங்க சார். கடலைக் கொழுந்து. வீணாப் போக்குவானேன்னு கடைஞ்சேனுங்க.”

ஷெட்டில் எல்லா வாயும் நின்றுவிட்டது.

“மருந்து அடிச்ச செடியாங்க?” என்றார் குல்லாய்க்காரர் ஒருவர், பாதி விழுங்கிய நிலையில்.

“இந்த வயல்ல மருந்தே அடிக்கலைங்க” என்றேன். அன்று காலையிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை.

நாச்சிமுத்து சார் நிதானமாகக் கேட்டார். “ஏனுங்கம்மா, அதைக் காட்டெருமை மேஞ்சிருச்சுன்னுல்ல சொன்னாங்க?”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “காட்டெருமையா? யாருங்க சொன்னது? எந்தக் காட்டெருமைங்க இப்படி மட்டமாக் கிள்ளும்? நானும் என் தங்கச்சியும் காலையிலிருந்து குனிஞ்ச தலை நிமிராம கிள்ளினதுங்க சார்! எங்க எஸ்டேட்ல வந்து கேட்டுப் பாருங்க, ரோஸி கை பட்டா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்பாங்க!”

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத என்னால் ஆகாது. திருப்பூர் பஸ் ஹாரன் அடிப்பது காதில் கேட்டது.

நாச்சிமுத்து சார் கையைக் கழுவிக்கொண்டு, “வாங்க” என்று என்னை மட்டும் வயலுக்குக் கூட்டிப்போனார். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். நெட்டையின் முன்னால் நின்றார்.

“உயரம் போயிருச்சு. அது இல்லாம இந்தச் செடியைப் பத்திச் சொல்லறதுக்கு உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குதுங்களா?”

அழுதுகொண்டேதான் ஆரம்பித்தேன். மண்டியிட்டுச் செடியின் அடியைப் பிடித்தேன். தண்டு தடிமன். கிளைகள் விரியாமல் மேல்நோக்கிப் போகும் கோணம். காம்புக்கு இரண்டு காய். குளிரில் பக்கத்து ரகங்கள் பூவைக் கொட்டியபோது இது பிடித்துவைத்துக்கொண்டது. சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, அடிக்காயில் விரல் பட்டதும் சட்டென்று பேச்சு நின்றது. அம்மா கிள்ளியது தலையைத்தானே? அடியில் கை வைக்கவே இல்லையே!

“சார், பாருங்க சார்! அடிக்காய்!” என்று கத்தினேன். தரைக்கும் முதல் காய்க்கும் நடுவே என் கையை விரித்து வைத்தேன். ஒரு சாண் தாண்டியும் இடம் இருந்தது. ஓடிப்போய் அடுத்த ரகத்தில் வைத்துக் காட்டினேன். அங்கே நான்கு விரல்கூட நுழையவில்லை. “மெஷின் வெட்டறதுக்கு இந்த இடம்தானே சார் வேணும்! தலை எவ்வளவு உயரம் போனா என்னங்க!”

சார் அளவுகோலை வாங்கி, தானே ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து அளந்தார். முடித்துவிட்டு எழுந்தார்.

“இதைக் காலையிலயே காட்டியிருந்தா அந்தப் பாவப்பட்ட காட்டெருமை வந்திருக்கவே வேண்டாமில்லைங்க?” என்றார்.

மேடம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாவது நாள் வந்து, அடுத்த பருவத்துக்கும் நெட்டையை விதைக்கச் சொல்லிவிட்டார்கள், நீயும் இரு என்றார். கூடவே வாசலில் ஒரு பலகை மாட்டச் சொன்னார். இன்றைக்கும் அது அங்கே தொங்குகிறது: ‘பணியாளர்களின் உறவினர்கள் வயலுக்குள் வரக் கூடாது.’ அம்மா அதற்குக் கீழே நின்றுதான் எனக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகிறார். “யாரு பண்ணின தப்புக்கோ நம்மளை வெளிய நிக்க வெக்கறாங்க பாரு” என்று பலகையைத் திட்டுவதும் உண்டு.

எங்கள் தெருவுக்குள் காட்டெருமை இறங்கினால் அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “ரோஸி, வெளிய போய்ப் பாரு. எந்த மட்டத்துல கிள்ளணும்னு கேக்குது” என்பார். சித்தி விழுந்து விழுந்து சிரிப்பார். அம்மாவுக்கு மட்டும் இன்னும் கோபம் வரும்.

நாச்சிமுத்து சார் வருஷம் தவறாமல் வருகிறார். ஜீப்பிலிருந்து இறங்குவதற்கு முன் கண்ணாடியை இறக்கி, “அம்மா எங்கேங்க?” என்று கேட்பார். மேட்டுப்பாளையம் போயிருக்காங்க சார் என்று சொன்ன பிறகுதான் கதவைத் திறப்பார். ஆனால் கேரியரில் கீரை வந்திருக்கிறதா என்றும் கேட்காமல் இருக்கமாட்டார்.