சதுரக் கிராமத்தின் தலைவர்

தலைவர்களில் பல ரகம் உண்டு. தேர்தலில் நின்று ஜெயித்தவர், நின்று தோற்றும் தலைவராகவே இருப்பவர், யாரும் கூப்பிடாமலே மைக்கைப் பிடித்தவர். இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், திட்டியும் இருப்பீர்கள். இப்போது நான் காட்டப்போகிறவர் வேறு ரகம். இவருக்கு ஓட்டுப் போட்டவன் ஒருத்தனும் இல்லை. இவர் ஆளுகிற ஊர் கம்ப்யூட்டர் திரைக்குள் இருக்கிறது.

அந்த ஊரில் எல்லாமே சதுரம். மரம் சதுரம், மாடு சதுரம், தானாக நடமாடுகிற குடிமக்களும் சதுரம், சூரியன்கூடச் சதுரமாகத்தான் உதிக்கும். ஜெயிப்பது தோற்பது என்ற பேச்சே கிடையாது. வெறும் காட்டில் இறக்கிவிட்டு, வெட்டு, தோண்டு, கட்டு, உன் இஷ்டம் என்று விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் ரெண்டு வீடு கட்டி, ஒன்றைக் கொளுத்தி, சலித்துப்போய் வேறு விளையாட்டுக்கு ஓடிவிடும். தலைவரின் மகளும் அப்படித்தான் ஓடிவிட்டாள். அவள் தூக்கிப் போட்டதைச் சும்மா எடுத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தவர் தலைவர். உட்கார்ந்தவர்தான்.

ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நாற்பதைத் தாண்டியிருப்பார். வேலை பார்க்கிற இடத்தில், துணிக் கிடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், இவருக்குக் கீழே சில பேர் இருப்பார்கள், ஒருத்தரும் இவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள். அந்தப் பொதியை இந்தப் பக்கம் வையப்பா என்றால், பொதி இருந்த இடத்திலேயே இருக்கும், சொன்னவர்தான் அந்தப் பக்கம் நகர்ந்து போய் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் பொண்டாட்டி பேசுவாள், பிள்ளை பேசும், குழாய்கூடச் சொட்டுச் சொட்டாகப் பேசும். திரைக்குள்ளே இருக்கிற ஊரில் மட்டும்தான் இவர் வைத்த கல் வைத்த இடத்தில் இருக்கும். அப்புறம் மனுஷன் எங்கே போவார்?

பேச்சிலும் ஒரு அடையாளம் உண்டு. எந்த இடத்தில் எந்தப் பேச்சு நடந்தாலும் "நம்ம ஊர்ல" என்று ஆரம்பிப்பார். ஒரு நாள் முடிவெட்டுகிற கடையில், போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு, நம்ம ஊர்ல ஒரு ஆள் கிணற்றில் விழுந்துவிட்டான் என்றார். முடிவெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டார். உயிர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, கல்லை அடுக்கி ஏற்றிவிட்டேன், ஆனால் இப்போது வீடு எதுவென்று தெரியாமல் மாட்டுக் கொட்டிலில் நிற்கிறான் என்றார் தலைவர். அந்த நல்ல மனுஷன் பாதி வெட்டிய தலையோடு இவரை உட்கார வைத்துவிட்டு, விழுந்தவனுடைய பிள்ளைகுட்டிகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். விஷயம் புரிந்ததும் மீதித் தலையை வெட்டிய வேகம் இருக்கிறதே, அது ஆள் மேல் மிச்சமிருந்த மரியாதைக்குச் சரியாக இருந்தது.

கிராம நிர்வாகத்தில் தலைவரைக் குறை சொல்ல முடியாது. சும்மா சொல்லக் கூடாது, சந்துக்குச் சந்து விளக்கு, சுற்றிலும் மதில், மதிலுக்கு வெளியே அகழி, ஆளுக்கொரு வீடு, வீட்டுக்கொரு கட்டில். இருட்டு இருக்கிற இடத்தில்தான் ஜோம்பி முளைக்கும், அதாவது செத்த பிணம் எழுந்து வந்து குடிமக்களைக் கடிக்கும், அதனால் ஒரு மூலையைக்கூட இருட்டாக விடக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். சொன்ன இடம் அவர் வீட்டு மாடிப்படி. அங்கே பல்பு போய்ப் பல மாதம் ஆகிறது. ரெண்டு பேரும் சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறினோம்.

இந்த அளவோடு போயிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். மனுஷனுக்கு மனுஷன் ஒரு பைத்தியம். ஆனால் தலைவரின் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, வேலை போய் இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

பாட்டில் கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். கம்பெனியை மூடிவிட்டார்கள். கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தான். முதலில் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்டான். அப்புறம் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டான். அப்புறம் பசிக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தான். இந்தக் கணக்கு அக்காக்காரிக்குத் தெரியாதா? அவள் நாலு இடத்தில் விசாரித்ததில், தெருக்கோடி லேத் பட்டறையில் ஒரு ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டான், வெள்ளிக்கிழமைக்குள் புது ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. பட்டறை முதலாளி யார்? தலைவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். தலைவர் தினமும் கிடங்குக்குப் போகிற வழி எது? அந்தப் பட்டறை வாசல்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க" என்றாள் மனைவி.

"சொல்லிட்டாப் போச்சு" என்றார் தலைவர்.

இங்கேதான் நீங்கள் இந்த இனத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, சோம்பேறியும் இல்லை. அந்த வாரம் முழுக்க மைத்துனன் கவலையாகத்தான் இருந்தார். ஆனால் சதுரக் கிராமத்தில் வேலைவாய்ப்புக்கு ஒரு முறை இருக்கிறது. வேலை இல்லாத குடிமகன் பக்கத்தில் ஒரு பட்டறைக் கல்லைக் கொண்டுபோய் வைத்தால் போதும், அவன் கொல்லன் ஆகிவிடுவான். உலையை வைத்தால் உலைக்காரன். சிபாரிசு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், ஒருத்தன் வாசலில் போய் நிற்க வேண்டாம். தலைக்கு மேலே பச்சையாக நாலு பொறி பறக்கும், அடுத்த நிமிஷம் ஆள் வேலையில் இருப்பான்.

ஆகவே தலைவர் பட்டறை முதலாளியிடம் போகவில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போனார். வைஸ், அதாவது இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கருவி, பூட்டிய ஒரு மர மேசையை, நாலு காலில் ஒன்று குட்டையானதை, வாங்கி வந்தார். அதை மாடிக்கு ஏற்றியதில் ஒரு முனை என்னுடையது. அந்த இருட்டுப் படியில் உரிந்த முழங்கையும் என்னுடையதுதான்.

மைத்துனனின் பாய்க்குக் கால்மாட்டில் மேசையை நிறுத்தினார்.

"இது எதுக்கு மாமா?"

"பக்கத்துலயே இருக்கட்டும் மாப்ளே. தானா வரும்."

"என்ன வரும்?"

"வேலை."

மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் முழங்கையைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் தலைவர் போகும்போதும் வரும்போதும் மைத்துனன் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உற்றுப் பார்ப்பார். பொறி பறக்கிறதா என்று பார்க்கிறார் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? பாவம், கண்ணாடி முன்னால் போய் நின்று உச்சியில் முடி கொட்டிவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான். மேசை மட்டும் வந்த அன்றே வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அதன் மேல் ஈரத் துணி காய்ந்தது, மகளின் பள்ளிக்கூடப் பை உட்கார்ந்தது, திறக்காத ஜாடி மூடியையெல்லாம் வைஸில் கொடுத்துத் திறந்தார்கள்.

தலைவர் ஏன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை என்று நானும் யோசித்துப் பார்த்தேன். என் புத்திக்கு எட்டினது இதுதான். மனுஷனிடம் போய்க் கேட்டால் மனுஷன் இல்லை என்று சொல்லலாம். கல் அப்படிச் சொல்லாது.

வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். சொன்னீர்களா என்று கேட்டாள். மதிலில் ஒரு கல் விட்டுப்போய் அந்த வழியாக ஜோம்பி நுழைந்துவிட்டது, கொஞ்சம் இரு என்றார். அவள் கொஞ்சம் இருந்தாள். மதில் ஓட்டை அடைபட்டது. தலைவர் அடுத்த பக்கத்து மதிலைப் பார்க்கப் போனார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நான் அப்போது பட்டறையில் ஒரு புல்லியைக் கடைந்து வாங்க உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து முதலாளி முன்னால் நின்ற நிலையைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தேன். உட்காரவில்லை. தம்பி விஷயத்தைச் சொன்னாள். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை.

"அவன் தினம் இந்த வழியாத்தானேம்மா போறான்? நேத்துகூட நின்னு பேசினானே."

"என்ன பேசினாருண்ணே?"

"ஊர்ல மதில் கட்டுற வேலை நடக்குதுன்னான். எங்கேயோ இடம் கிடம் வாங்கிப் போட்டிருக்கான் போலன்னு நெனச்சேன்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, முந்தானையை மட்டும் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"என் தம்பி மெஷின்ல நின்னவன்ணே. ஒரு நாள் நிக்க வெச்சுப் பாருங்க. பார்த்துட்டு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். கேக்காமலே இல்லைன்னு ஆயிடக் கூடாது, அதுதான்."

முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே, நாளைக்கு ஒருத்தனை வரச் சொல்லியிருந்தேன் என்று இழுத்தார். பிறகு அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, காலையில அனுப்பு. வரும்போது மதியச் சோத்தையும் கட்டிக்கிட்டு வரச் சொல்லு."

மைத்துனன் மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டான். கொஞ்ச நாளில் பட்டறைக்குப் பின்பக்கமே ஒரு அறை பார்த்துக்கொண்டு போனான். போகும்போது பாயைச் சுருட்டிக் கொண்டுபோனான். கூடத்தில் பாய் இல்லாததைத் தலைவர் கவனித்தது அதற்கும் பிறகு. எங்கே ஆளைக் காணோம் என்று கேட்டார். பட்டறையில் வேலைக்குப் போகிறான் என்றாள் மனைவி.

தலைவர் நாற்காலியை முழுசாகத் திருப்பினார். அவர் அப்படித் திரும்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"நான்தான் சொன்னேன்ல? மேசையை வெச்சா தானா வரும்னு."

என் வாய் சும்மா இருக்காது. திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டேன். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். தலைவர் திரைப் பக்கம் திரும்பினார். வேலை இல்லாதவர்களைப் பற்றி இப்போது அவர் எல்லாருக்கும் யோசனை சொல்கிறார். முடிவெட்டுகிறவரின் மகனுக்கு ஒரு மேசை சிபாரிசு செய்திருப்பதாகக் கேள்வி.

பட்டறைக்குப் போய்க் கேட்டதை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று பிறகு ஒரு நாள் அவளைக் கேட்டேன். "கேக்குற ஆளா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே அண்ணே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது, எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது என்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் யாரோ ஒருத்தர் வந்து உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் சரி என்றீர்கள். என்ன கேட்டார்கள்? ஞாபகம் இல்லையா? எழுந்து போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், நான் இருக்கிறேன்.

"ஒண்ணுமில்ல, நானே பார்த்துக்கிட்டேன்" என்று பதில் வந்ததா?

வாங்க தலைவரே. உட்காருங்க.