வாழைமரத்துப் பொட்டு

வில்லில் கட்டியிருந்த லேசர், கொல்லையில் நின்ற வாழைமரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குறி பார்த்தது. சிவப்புப் புள்ளி முதலில் பக்கத்து வீட்டுக் காரில் விழுந்தது. அப்புறம் கொடியில் காய்ந்த சேலையில்.

"அது கோயில் வில்லுங்க," என்றாள் சாருமதி. "வார்னிஷ் அடிக்கிறேன்னுதானே வாங்கிட்டு வந்தீங்க?"

"அடிக்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி குறி சரியா வரணும்ல," என்றார் கணவர் தியாகராஜன்.

மலேசியாவில், சிகாமட்டில் அவர்கள் கும்பிடும் அம்மன் கோயிலில், விஜயதசமியன்று வாழைமரத்தில் அம்பு போடும் மரியாதை குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறி வரும். போன வருஷம் சகலை முருகப்பனின் முறை. மனிதர் முதல் அம்பையே நட்டநடு மரத்தில் செருகிவிட்டார். அன்றிலிருந்து மாமனார் வீட்டு விருந்தில் முதல் இலை அவருக்குத்தான். தியாகராஜனின் இலைக்கு வருவதற்குள் பாயசவாளி காலியாகிவிடும். இந்த வருஷம் தியாகராஜனின் முறை. தவறவிட்டால் ஆயுசுக்கும் கடைசி இலைதான். அந்தப் பயத்தில்தான் ஆன்லைனில் லேசரை வரவழைத்தார்.

கருவியோ அலுமினிய வில்லுக்கென்று செய்தது. மூங்கில் வில்லில் நிற்கவில்லை. ரப்பர் பேண்ட் போட்டார், வழுக்கியது. கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினார். நின்றது, ஆனால் பொத்தான் டேப்புக்குள் அமுங்கிக்கொண்டு விளக்கு அணைய மறுத்தது.

"டேப்பைப் பிரிங்களேன்," என்றாள் சாருமதி.

"இப்பத்தான் நேரா நிக்குது. தொட்டா கோணிக்கும்."

விளக்கு முனையில் ஒரு பொட்டுச் சந்தனத்தை அப்பி மறைத்தார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

கோயிலில் பூசை செய்யும் பண்டாரம் வில்லை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தார். டேப் மறையும்படி மல்லிகைச் சரத்தைக் கனமாகச் சுற்றிக் கொடுத்தார். தியாகராஜனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இருட்டத் தொடங்கிய நேரம். வாசலில் மரம் நட்டிருந்தார்கள். தியாகராஜன் அம்பைத் தொடுத்து வில்லைத் தூக்கிச் சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். சிவப்புப் புள்ளி மரத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. இனி வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலைதான்.

"மரத்துல அம்மா பொட்டு தெரியுது," என்றாள் முன்வரிசையில் நின்ற பிரேமலா.

மெதுவாகத்தான் சொன்னாள். அடுத்த நிமிஷம் பத்துப் பெண்கள் மரத்தடியில் விழுந்து கும்பிட்டார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா, அம்பு போடணும்."

"பொட்டு இருக்கறப்ப எப்படிங்க போடுவீங்க?" என்று கேட்டாள் பிரேமலா.

நியாயமான கேள்வி. அணைக்கலாமென்றால் பொத்தானுக்கு மேலே டேப், டேப்புக்கு மேலே மல்லிகை. தியாகராஜன் சட்டென்று வில்லை ஒதுக்கிப் பிடித்தார். பொட்டு மரத்தை விட்டுக் கிளம்பி, ஓரமாக நின்ற முருகப்பனின் நெற்றியில் ஏறியது.

கூட்டம் அப்படியே அவர் பக்கம் திரும்பிக் கையெடுத்தது. யாரோ மாலை போட்டார்கள். மாமனார் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், மருமகன் கையால் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டார். அதைப் பார்த்துத் தியாகராஜனுக்கு வயிறு எரிந்தது. வில்லை வெடுக்கென்று மேலே திருப்பினார். நாணிலிருந்த அம்பு நழுவிப் பறந்து, அன்னதானக் கூடாரத்துத் துணியில் போய்த் தொங்கியது. அதைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை.

முதல் இலை மட்டுமா, இனி முருகப்பனுக்குத் தனிப் பந்தியே போடுவார்கள்.

பண்டாரம் மெல்ல வந்து வில்லை வாங்கினார். விளக்கைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். தியாகராஜனின் காதோரம் குனிந்தார்.

"சிவப்பா வாங்குனீங்க அண்ணே? முருகப்பன் அண்ணனும் சரி, அவருக்கு முன்ன போட்டவங்களும் சரி, எல்லாரும் பச்சை லைட்டுதான் கட்டுவாங்க, மரத்தோட மரமா போயிரும்லா."