பாலைப்பழ ஸ்கோனும் அப்பாவின் பல் செட்டும்

சமையல் தெரியாதவர்களால் ஒரு வீட்டுக்குப் பெரிய ஆபத்து இல்லை. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ஆர்வத்தோடு அலைகிறவர்கள்தான் ஆபத்து. நான் இரண்டாவது வகை.

மூன்று வருடத்துக்கு முன், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வட்டக்கச்சி வீட்டில் சும்மா இருந்த காலம். (சும்மா என்றால், போனில் கேக் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டு.) அப்பா எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர். அன்று காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். வாய்க்காலை மூடப்போகிறார்கள், தண்ணீர் பிந்தி வரும் கடைசி வாய்க்கால்காரரான எங்கள் வயல்களில் கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. இன்னும் ஐந்து நாள் தண்ணீர் வேண்டும் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் அப்பா பேசி வாங்க வேண்டும். தவறினால் அவ்வளவும் பதர். இரண்டு நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவருக்கு ஆறுதலாக ஒரு காலைச் சாப்பாடு செய்து கொடுப்போம் என்று எனக்குத் தோன்றியது. புட்டு ஆறுதல் தராதா என்று அம்மா கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஸ்கோன் என்பது பேக்கரிப் பணிசுக்கும் ரொட்டிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி. மாவில் மாஜரினை உதிர்த்து, பால் விட்டு, முந்திரிகை வத்தல் என்கிற உலர்ந்த திராட்சை போட்டுச் சுட வேண்டும். வீட்டில் ஓவன் இல்லை, பெரிய சட்டியில் மணலைச் சூடாக்கிச் சமாளித்தேன். வத்தலும் இல்லை. ஆனால் குசினியில் ஒரு கிண்ணம் பாலைப்பழம் இருந்தது. அதுவும் சின்னது, அதுவும் இனிப்பு. கொட்டிவிட்டேன்.

(நாலு பாலைப்பழம் தின்றாலே உதடு ஒட்டும், எண்ணெய் பூசித்தான் பிரிக்க வேண்டும் என்பது வன்னியில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பிறகு உயிரியலில் ‘ஏ’ சித்தி வேறு வந்தது.)

அப்பா ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை இது?”

“ஸ்கோன் அப்பா. வெள்ளைக்காரர் காலமை சாப்பிடுறது.”

“பாவங்கள்,” என்று சொல்லிவிட்டுக் கடித்தார்.

மென்றார். மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. பிறகு நின்றது. கண்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயின. பழத்தின் பால் சூட்டில் இறுகிப் பசையாகியிருந்தது. அப்பா ஸ்கோனைப் பிடித்து இழுத்தார். வந்தது. முந்தின மாதம் கட்டிய மேல் பல் செட்டும் கூடவே வந்தது.

தட்டில் இருந்த ஸ்கோன் எங்களைப் பார்த்துச் சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை.

அம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு ஓடி வந்தார். இழுத்தால் உடையும், பின்னேரம் வரை ஊற வேண்டும் என்றார். மணி எட்டே முக்கால். அப்பா காற்றும் எச்சிலுமாக என்னவோ சொன்னார். அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது: “ஏறு சைக்கிள்ல.”

அப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன். மண்டபத்தில் அப்பா ஒரு வசனம் ஊதுவார். பக்கத்தில் நின்று நான் உரத்துச் சொல்லுவேன். அருமையாகப் போனது. எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. அவர் வாய் மூடுவதற்குள் என் வாய் திறந்தது. பொறியியலாளர் கோப்பைப் புரட்டி, பதிவுப்படி உங்கள் பயிர் விளைந்திருக்க வேண்டுமே என்றார். அப்பா குனிந்து தனக்குள் ஏதோ முணுமுணுத்தார். அதையும் கணீரென்று சொல்லிவிட்டேன்:

“ஒபிஸ் கதிரையில குந்தியிருந்து வயல் பாக்கிறவனுக்கு என்ன தெரியும்.”

பின்வரிசையில் யாரோ வெற்றிலையை விழுங்கினார்கள். ஐந்து நாள் தண்ணீரும் என் நாக்கால் போய்விட்டது என்று நினைத்தேன்.

பொறியியலாளர் பேனையை மூடினார். “இது ஐயா சொன்னதோ, தங்கச்சி நீங்கள் சொன்னதோ?”

அப்பா நினைத்திருந்தால் என் தலையில் போட்டிருக்கலாம். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

“சரி. அப்ப வயலுக்கே போவம்.”

வரப்பில் நின்று பொறியியலாளர் ஒரு நெல்மணியை நசுக்கினார். விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டியது.

“நாலு நாள் தாறன். அஞ்சாம் நாள் கேக்கக் கூடாது.”

அப்பா ஏதோ ஊதினார். “நன்றி எண்டு சொல்லுறார்,” என்றேன். (அவர் சொன்னது அதில்லை.)

நெல் தப்பியது. பல்லும் தப்பியது. ஆனால் இன்றைக்கும் நான் குசினிக்குள் போகும் சத்தம் கேட்டால், அப்பா பேசாமல் பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் பூட்டிக்கொள்வார்.