சம்மன் அண்ணாச்சியும் வந்து சேராத அதிரசமும்

குற்றம் சாட்டுவதற்கென்றே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஐந்து வருஷத்தில் நாலே நாலு பேர் மேல் மட்டும் குற்றம் சாட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் சம்மன் அண்ணாச்சி. அந்தப் பதவியை அவரிடமிருந்து தட்டிப் பறித்து, இரண்டாம் மாதமே ஒரு நல்ல மனிதரை வீட்டை விட்டே ஓடவைத்த மேதாவியும் ஒருவர்தான் இருக்க முடியும். அது நான்.

ஷார்ஜா முவைலாவில் கீழே சலூனும் மளிகைக் கடையும் உள்ள கட்டடம். அதன் மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் பதினாலு பேர் இருந்தோம். எல்லோரும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். பதினாலு பேருக்கு இரண்டு பாத்ரூம், ஓர் அடுப்பங்கரை. சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? எங்களுக்கு முன்னால் அங்கே இருந்த யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். யார் மேல் என்ன புகார் இருந்தாலும் நேருக்கு நேர் பேசக் கூடாது. வக்கீலிடம் சொல்ல வேண்டும். அவர் விசாரித்து, சரியென்று பட்டால், வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் கேஸ் நடத்துவார். பர் துபாயில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்த கீழக்கரை காசிம் பாய் எங்கள் எல்லோரிலும் மூத்தவர் என்பதால் அவர்தான் நீதிபதி. வக்கீலை மட்டும் வருஷா வருஷம் தை பிறந்ததும் தேர்ந்தெடுப்போம். பத்து லிட்டர் குக்கர்தான் ஓட்டுப் பெட்டி.

சம்மன் அண்ணாச்சி உண்மையில் வக்கீல் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். ஊரில் கோர்ட்டில் ஓர் அரசு வக்கீலுக்குப் பதினெட்டு வருஷம் கேஸ் கட்டு சுமந்தவர்; சம்மன் என்ற பட்டப்பெயர் அதனால் வந்ததுதான். அந்த வக்கீல் ஓய்வு பெற்றபோது தன் கறுப்புக் கோட்டை இவருக்குக் கொடுத்துவிட்டார். அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறி, விசா ஃபாரம் அடித்துக் கொடுக்கும் ஒரு டைப்பிங் சென்டரில் உதவியாளராகச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமை மதியம் கட்டம் போட்ட கைலிக்கு மேலே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வருவார். வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில் கொளுத்தும். கோட்டைக் கழற்றச் சொன்னால், கோட்டு இல்லாமல் கேட்கிற கேள்விக்கு மரியாதை இருக்காது என்பார்.

புகார் கொண்டுபோனால் அவர் முதலில் செய்கிற காரியம், நம் தலைக்கு மேலே பார்த்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்பது. கண்ணால் கண்டதா, யாரோ சொல்லிக் கேட்டதா, நீங்களாக நினைத்துக்கொண்டதா? நினைத்துக்கொண்டது என்றால் அங்கேயே தள்ளுபடி. மற்ற இரண்டில் ஒன்று என்றால், புகாரைச் சீட்டில் எழுதி வாங்கி, ஒரு வாரம் அப்படியே வைத்துவிடுவார். அதற்குப் பெயர் வாய்தா. அந்த ஒரு வாரத்தில் முக்கால்வாசிப் பேர் தாங்களே வந்து, போனால் போகிறது அண்ணாச்சி என்று சீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

அவருடைய விசாரணைகள் பிரசித்தமானவை. ஒருமுறை ஏசி விஷயத்தில் எங்கள் ஹால் இரண்டாகப் பிரிந்தது. பதினெட்டில் வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி, இருபத்து நாலில் வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு தூங்கும் அளவுக்குப் போய்விட்டது. அண்ணாச்சி ஒரு வாரம் ரிமோட்டையும் ஏசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த ரிமோட்டின் முதுகு மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பேட்டரியே இல்லை. இரண்டு வருஷமாக நாங்கள் அதற்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொருவர், பக்கத்துப் படுக்கைக்காரர் பாத்ரூமில் அரை மணி நேரம் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார். அண்ணாச்சி கையில் வாட்சோடு பாத்ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் பதினொரு நிமிஷத்தில் வெளியே வந்தார். புகார் கொடுத்தவர் உள்ளே போய் முப்பத்தெட்டு நிமிஷம் கழித்து வந்தார். கேஸ் அத்துடன் முடிந்தது.

அதற்காக அவருக்குக் கேஸ் நடத்தத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தன் சமையல் முறை வந்தபோதெல்லாம் ஓட்டல் சால்னாவை வாங்கி நம் சட்டியில் ஊற்றி, தானே வைத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரை அண்ணாச்சி பிடித்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். முவைலாவில் உள்ள பரோட்டா கடை ஒவ்வொன்றிலும் சால்னா சாப்பிட்டுப் பார்த்தார். வயிறு கெட்டு இரண்டு நாள் டூட்டிக்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை, ருசி ஒத்துப்போன கடையின் மாஸ்டரே எங்கள் ஹாலுக்குள் நுழைந்ததும் நம் ஆள் எழுந்து நின்று ஒப்புக்கொண்டார். அண்ணாச்சி கேள்வி கேட்கக்கூட வாய் திறக்கவில்லை.

இப்பேர்ப்பட்டவரை எதிர்த்துத்தான் நான் நின்றேன். எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமெண்ட் வேலை. பொங்கல் விழா, பட்டிமன்றம் என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் பேசிக் கைதட்டு வாங்கியவன். வாய் இருந்தால் வக்கீல் என்று நினைத்துவிட்டேன். புகார் கொடுத்த அதே வாரம் தீர்ப்பு, வாய்தாவே கிடையாது என்று வாக்குக் கொடுத்தேன். மக்களுக்கும் அண்ணாச்சியின் நிதானம் அலுத்துப் போயிருந்தது. பதினொன்றுக்கு மூன்று. குக்கரைத் திறந்து எண்ணும்போது என் பெயர் எழுதிய சீட்டுகளில் ஒன்று கோர்ட்டுக் கையெழுத்தில், சுழித்துச் சுழித்து எழுதியிருந்தது. தனக்குத் தானே போட்டுக்கொள்வது முறையில்லை என்று எனக்குப் போட்டிருக்கிறார். இந்த மனிதருக்கே தன் மேல் நம்பிக்கை இல்லை பார் என்று நான் அன்றைக்குச் சிரித்தேன். என் ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் மாதம் செந்தில் என்னிடம் புகார் கொண்டுவந்தான். எட்டயபுரத்துக்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்களோடு தங்கியிருந்த, அப்போது லீவில் ஊருக்குப் போயிருந்த தூத்துக்குடி சேவியர் அண்ணன் செந்தில் வீட்டுக்குப் போய்ப் பார்சல் வாங்கி வந்திருந்தார். பார்சலில் பொடி இருந்தது, வத்தல் இருந்தது, சட்டை இருந்தது. அதிரசம் சுட்டுக் கொடுத்தனுப்புகிறேன் என்று அவன் மனைவி போனில் சொல்லியிருந்தாள். அதிரசம் மட்டும் இல்லை. பார்சலைச் சுற்றியிருந்த டேப்பும் பிரித்து ஒட்டியது போல இருந்தது.

வெளியே இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அப்படியில்லை. ஊருக்குப் போகிறவர் தன் இருபத்தைந்து கிலோவில் பத்துக் கிலோவை மற்றவர்களுக்காக ஒதுக்குவார். அவர் கையில்தான் அம்மாவின் மருந்து போகும், பிள்ளையின் சட்டை போகும், பெண்டாட்டி கைப்பக்குவம் வரும். ஒருவரை நம்பிப் பார்சல் கொடுக்கிறோம் என்றால் அதற்கு மேல் அவருக்கு நற்சான்றிதழ் கிடையாது. சேவியர் கனரக வண்டி ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். ஏழு வருஷமாக எல்லோருடைய பார்சலையும் சுமந்தவர் அவர்தான்.

வியாழக்கிழமை அண்ணாச்சி என்னைத் தேடி அடுப்பங்கரைக்கு வந்தார். பாத்திரம் துலக்குகிற சாக்கில் மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, ஒரு வாய்தா போட்டிருங்க. சேவியர்ட்ட தனியா ஒரு வார்த்தை கேளுங்க. செந்திலையும் அவம் பொண்டாட்டிட்ட கேக்கச் சொல்லுங்க. கேக்கதுனால என்ன குறைஞ்சிரப் போவுது?”

“உங்க வாய்தாவுல கேஸெல்லாம் ஊறி ஊறி ஊறுகாயே ஆயிரும் அண்ணாச்சி” என்றேன் நான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் பேசினேன் பாருங்கள், அது பேச்சு. தூத்துக்குடியிலிருந்து ஷார்ஜாவுக்கு வருகிற வழியில் அதிரசத்துக்குக் கால் முளைத்திருக்குமோ என்று கேட்டேன். ஹாலே குலுங்கியது. விமானப் பணிப்பெண் கொடுத்த சாப்பாடு சேவியருக்குப் பத்தவில்லையோ என்று கேட்டேன். கைதட்டினார்கள். சேவியர் நடு ஹாலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் எடுக்கவில்லை என்று ஒருமுறை சொன்னார். பிறகு யார் எடுத்தது என்று கேட்டதற்கு, செந்திலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையைவிடச் சாட்சி வேண்டுமா என்று முடித்தேன். காசிம் பாய் வெகுநேரம் தாடியைத் தடவினார். எல்லோரும் என் பக்கம் நின்றதால் அவருக்கும் வேறு வழியில்லை. இனி இந்த வீட்டில் யாரும் சேவியர் கையில் பார்சல் கொடுத்தனுப்பக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

அண்ணாச்சி மட்டும் கைதட்டவில்லை. கோட்டைக்கூடப் போடாமல் பனியனோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சேவியர் மூன்றே வாரத்தில் ஓமனில் சோஹார் துறைமுகத்துப் பக்கம் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டுதான் போனார். என்னிடமும் சொல்லிக்கொண்டார். நான் போனில் எதையோ பார்ப்பது போல இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் செந்தில் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தவன், போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். அவன் மனைவி அன்றைக்குத்தான் மணிக்கட்டுக் கட்டுப் பிரித்திருக்கிறாள். அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்துவிட்டு, ஈரத்தில் வழுக்கி விழுந்து கை முறிந்திருக்கிறது. பார்சல் வாங்கப் போன சேவியர்தான் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். தெரிந்தால் புருஷன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான் என்று, சொல்லக் கூடாதென அவரிடம் அவள் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இத்தனை நாளும் கை தெரியாமல் முகத்தை மட்டும் காட்டிப் பேசியிருக்கிறாள். பார்சல் வந்ததா என்று கேட்டபோது, அவள் மனது கஷ்டப்படுமே என்று இவனும் எல்லாம் வந்தது என்று சொல்லியிருக்கிறான். டேப்பைப் பிரித்தவர்கள் ஏர்போர்ட்டில் சோதனை போட்டவர்கள் என்பதும் பிறகு தெரிந்தது. ஒரே ஒரு கேள்வியில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

எனக்கு வந்தது வெட்கம் என்று சொன்னால் போதாது. என் கேள்விகளை நினைத்து நினைத்து உடம்பு கூசியது. சாப்பிட உட்கார்ந்தால் ஹால் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. அந்த வெள்ளிக்கிழமை ஹாலில் எழுந்து நின்று, வக்கீல் பதவியை விடுகிறேன், நான் செய்தது தப்பு என்று சொன்னேன். பிறகு அண்ணாச்சியிடம் போய், என் மேல் கேஸ் போடுங்கள் என்றேன்.

“கேஸ் போட்டு என்னத்துக்கு? அந்த மனுசன் சோஹார்ல இருக்காரு. லீவு சொல்லுங்க, போவோம்” என்றார்.

இருவரும் பஸ் ஏறினோம். ஊருக்கு அனுப்ப என்று ஒரு பார்சல் கட்டி எடுத்து வரச் சொல்லியிருந்தார். கோவில்பட்டியில் இருக்கும் என் அம்மாவுக்கு முட்டிவலித் தைலமும் பேரீச்சம்பழமும் ஒரு போர்வையும் வைத்து, பழக்க தோஷத்தில் நாலு சுற்று டேப் ஒட்டிக் கொண்டுவந்திருந்தேன். எல்லைச் சாவடியில் அதிகாரி பாஸ்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒரு பெயருக்கு யாரும் எழவில்லை என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்த அண்ணாச்சி எழுந்து போனார். ஆறு வருஷம் ஒரே ஃப்ளாட்டில் இருந்திருக்கிறேன், அவர் பெயர் என்னவென்று நான் கேட்டதே இல்லை.

பஸ் கிளம்பியதும் அவர் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தார். நான் தடுத்தேன்.

“நம்பிக் குடுக்கதுக்கு என்னத்துக்குய்யா டேப்பு?”

சோஹார் வரும்வரை ஒரு துண்டு விடாமல் உரித்தார். கோந்து நகமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

சேவியர் தன் ரூமில் எங்களுக்குச் சுலைமானி, பாலில்லாத டீ, போட்டுக் கொடுத்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். மன்னிச்சிருங்கண்ணே, கேக்காம பேசிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நீங்க நல்லாத்தான் பேசுனீங்க தம்பி. நீங்க பேசப் பேச, நாந்தான் எடுத்துட்டேனோன்னு எனக்கே தோணிப்போச்சு.”

எந்த நீதிபதியும் எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கொடுத்திருக்க முடியாது. அண்ணாச்சி என் முழங்காலில் இடித்தார். நான் பார்சலை எடுத்து, அதன் வாயை மூடாமலே, இரண்டு கையாலும் சேவியரிடம் நீட்டினேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டு, ரெண்டரை கிலோ இருக்குமா, அடுத்த மாசம் அஞ்சாந்தேதி போறேன், அம்மா வீட்ல இருப்பாங்கல்ல என்று கேட்டார். இருப்பாங்க என்றேன். அவர் அதைத் தன் பெட்டியில், துணிகளுக்கு நடுவில் வைத்தார்.

அந்த வருஷம் மீதிக்கும், அதற்கு அடுத்த மூன்று வருஷத்துக்கும் அண்ணாச்சிதான் எங்கள் வக்கீல். ஓட்டுப் பெட்டி தேவைப்படவில்லை. இப்போது அவர் ஊரோடு போய்விட்டார். இதை எழுதுவதற்கு முன்னால் போன் செய்து, உங்கள் நிஜப் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் தம்பி என்றார். அதனால் போடவில்லை. ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் அது.