பெற்றோல் ஷெட் ரோமாபுரியார்

ரோம் நகரத்தைப் பற்றி உலகத்தில் அதிகம் தெரிந்த மனிதர் லண்டன் டூட்டிங்கில், ஒரு பெற்றோல் ஷெட்டின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தார். பாப்பரசருக்கு இந்த விஷயம் எட்டவில்லை. எட்டியிருந்தால் அவரும் ஒருமுறை வந்து, பெற்றோல் அடித்த கையோடு நாலு ஆலோசனை கேட்டுக்கொண்டு போயிருப்பார்.

நாங்கள் அவரை ரோமாபுரியார் என்போம். முகத்துக்கு நேரே அண்ணை. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் அவருக்கே திரும்பிப் பார்க்க நேரம் எடுக்கும்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களில் யாருக்கும் ரோமைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு இரண்டு ஷிப்ட் அடித்துக்கொண்டிருந்தவனுக்கு ரோம் என்ன, லண்டனுக்குப் பக்கத்து ரெடிங் என்ன! தொண்ணூறுகளில் ஒவ்வொருவராகப் பிரிட்டிஷ் பாஸ்போட் எடுத்தோம். எடுத்ததும் கால் நிலத்தில் நிற்கவில்லை. முதலில் பாரிசுக்குப் போய்ச் சித்தப்பா வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தோம். அடுத்தது ரோம். அங்கே சித்தப்பா இல்லாததால்தான் பிரச்சினை வந்தது.

ஊர் பார்க்கப் போகுமுன் புத்தகம் வாங்கிப் படிப்பது வெள்ளைக்காரர் பழக்கம். எங்கள் ஆட்களுக்கு அச்சில் வந்த எதிலும் நம்பிக்கை கிடையாது. போய் வந்த ஒரு ஆள் வேண்டும். ஆள் போய் வந்தாரா என்பதுதான் கேள்வி. போய் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. ரோமாபுரியார் எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வருகிற வழியில் ரோமில் தங்கியிருந்தவர். அந்தத் தகுதி போதும் என்று நாங்கள் தீர்மானித்துவிட்டோம்.

அவர் சொல்கிற விதம் வேறு சந்தேகப்பட விடாது. குரலைத் தாழ்த்தி, கூண்டின் சிறிய திறப்புக்கு வாயைக் கொண்டுவந்து, பின்னால் கார்க்காரர்கள் ஹோர்ன் அடிக்க அடிக்கச் சொல்லுவார்.

"முதலாவது, கழுத்திலை ஒரு கமரா தொங்கவேணும். பெரிய கமரா. பிலிம் தேவையில்லை."

இதை அவர் சொன்னது மதுரைப் பக்கத்து டாக்டர் ஒருவருக்கு. மனைவியோடு போனார், பெரிய கமராவோடு. போய் வந்து நேரே பெற்றோல் ஷெட்டுக்கு வந்தார்.

"என்ன சார் நீங்க! அங்க எல்லாரும் படம் எடுக்கறாங்க. ரோமுக்குப் போயிட்டு ஒரு படம்கூட இல்லாம வந்திருக்கேன். பிலிம் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓம், சொன்னனான். பொலிஸ் மறிச்சதோ?"

"இல்ல."

"பிறகென்ன?" என்று சொல்லிவிட்டு அண்ணை அடுத்த காருக்குக் கணக்கு அடிக்கத் தொடங்கிவிட்டார். டாக்டர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். படித்த மனிதர், பதில் இருக்கும் என்று நம்பினார்.

இரண்டாவது ஆலோசனை, கூட்டமாக நடக்கக் கூடாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஒரு விளக்குக் கம்பத்தின் தூரம் இருக்க வேண்டும். பார்த்தும் பார்க்காத மாதிரிப் போக வேண்டும். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலிருந்து ஒரு குடும்பம் இதை அட்சரம் பிசகாமல் பின்பற்றியது. கடைசிக் கம்பத்தில் வந்த மாமியார், முன்னால் போன மருமகனைத் தவறவிட்டு ஒரு கன்னியாஸ்திரிகள் கூட்டத்தோடு நடந்துவிட்டார். பின்னேரம் கண்டுபிடித்தபோது மடத்துச் சாப்பாட்டில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மருமகன் மட்டும் அண்ணைக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறான். ஒரு முழு நாள் நிம்மதியாக ரோம் பார்த்தவன் அவன்.

மூன்றாவது, கையில் எப்போதும் ஐஸ்கிரீம் இருக்க வேண்டும். "ஐஸ்கிரீம் சாப்பிடுறவனை ஒரு பொலிசும் மறியாது. ஆறுதலாச் சாப்பிடவேணும், விளங்குதோ? கெதியா முடிச்சியள் எண்டால் போச்சு." காசு போடுகிற தடாகத்துக்குக் கிட்டப் போகக் கூடாது, அங்கேதான் பொலிஸ் அதிகம். களைத்தால் ரயில் ஸ்டேஷன் படியில் இருக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. முன்வரிசைக்குப் போய் முழந்தாளிட்டுவிட வேண்டும். "கும்பிடுறவனை எழுப்ப மாட்டாங்கள். முன்வரிசையிலைதான் சுடுதண்ணிக் குழாய் ஓடுது, கதகதப்பா இருக்கும்."

கொலோசியத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் பெரிசாத்தான் கிடக்கும், தெரியாமல் போகாது" என்பார்.

எல்லாவற்றுக்கும் சிகரம், இன்சூரன்ஸ் செல்வம் போன கதை. செல்வம் லண்டனில் பாதித் தமிழருக்கு ஆயுள் காப்புறுதி விற்றவன். அவனுக்கு யாராவது ஒன்றை விற்க முடியும் என்று நாங்கள் நினைக்கவில்லை. ரோமில் ஒரு பொலிஸ்காரர், முதுகுப்பை திறந்து கிடக்கிறது, கவனம் என்று சொல்ல அவனைக் கூப்பிட்டிருக்கிறார். எந்த ஊர், எங்கே தங்கல் என்று பொலிஸ் கேட்டால் சொல்ல அண்ணை கொடுத்திருந்த பாடத்தைச் செல்வம் ஒப்புவித்தான்: "மொரிஷியஸ்! ஹொட்டல் பக்கத்திலை!" பாஸ்போட்டைக் கேட்டார்கள். அது பிரிட்டிஷ். பிறந்த இடம் யாழ்ப்பாணம். மொரிஷியஸ் எங்கே என்று தேடித் தேடிக் களைத்துப்போய் அவனைப் பொலிஸ் ஸ்டேஷனில் இருத்திவிட்டார்கள். போப்பாண்டவரைப் பார்க்க நினைத்த நேரத்துக்கு இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தவன் கூண்டின் கண்ணாடியில் தட்டினான். நான் அப்போது பால் வாங்க நின்றேன்.

"அண்ணை, உங்கட கதையைக் கேட்டு நான் மறியலிலை கம்பி எண்ணப் பாத்தன்!"

"நீ எந்தப் பாஸ்போட்டைக் காட்டினனீ?"

"என்ரை பாஸ்போட்டைத்தான்."

அண்ணை தலையில் கையை வைத்தார். "சொந்தப் பாஸ்போட்டை ஆரடா உன்னைக் காட்டச் சொன்னது?"

இவ்வளவுக்கும் பிறகு ஆட்கள் ஆலோசனை கேட்பதை நிறுத்தியிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு லண்டன் தமிழரைத் தெரியாது. செல்வத்துக்குத்தான் சரியாகச் செய்யத் தெரியவில்லை என்று முடிவாகி, கூட்டம் இன்னும் கூடியது.

இந்தப் புகழை அவர் தானாகத் தேடிக்கொண்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் ரோமைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. எண்பதுகளின் கடைசியில் அவருடைய மனைவி பவளமக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கினார். இறங்கிய கையோடு, "எங்கட இவர் ரோமிலை எல்லாத்தையும் சுத்திப் பாத்திட்டுத்தான் லண்டனுக்கு வந்தவர்" என்று கோயிலில், கடையில், லோண்டரியில் சொல்லத் தொடங்கினார். பட்டத்தை அக்காதான் சூட்டினார். அண்ணை அதைக் கழற்ற வழியில்லாமல் போட்டுக்கொண்டு திரிந்தார்.

பவளமக்காவுக்குப் பாஸ்போட் வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னையும் ஒருக்கா ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ." அண்ணைக்கு முதுகுவலி வந்தது. பிறகு ஷிப்ட் மாற ஏலாது என்றார். பிறகு ரோமில் வெயில், ரோமில் மழை, ரோமில் ஏதோ வேலைநிறுத்தம். கடைசியில் என் மனைவி சாந்தியும் அக்காவும் சேர்ந்து நாலு பேருக்கும் பயணம் பதிந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் அண்ணை என்னைக் கூண்டுக்குள்ளேயே கூப்பிட்டார். அது சாதாரண மரியாதை இல்லை.

"தம்பி, உனக்கு மட்டும் சொல்லுறன். நான் ரோமிலை ஒண்டும் பாக்கேல்லை."

ஆள் அனுப்பக் காசு வாங்கிய ஏஜெண்ட், அவரை ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு அறையில் விட்டு, ஒரு கிழமையில் லண்டன் என்று சொல்லிப் போனவன் திரும்பி வரவில்லை. அறைக்காரன் வெளியே தள்ளினான். கையில் பாஸ்போட் இல்லை. குளிர்காலம் முழுக்கப் பொலிசுக்கு ஒளித்துத் திரிந்திருக்கிறார். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்த நேரம். அங்கிருந்த மனைவிக்கு இதையும் சொல்லி என்ன செய்வது என்று, நல்லாய்ச் சுற்றிப் பார்க்கிறேன், ஒன்றுக்கும் யோசிக்காதே என்று ஆள் மூலம் செய்தி அனுப்பியிருக்கிறார்.

"அவள் அதை நம்பி ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டாள். இப்ப அங்கை போய் நிண்டு முழிச்சன் எண்டால், இவ்வளவு காலமும் பொய் சொன்னவன் எண்டு நினைப்பாளெல்லோ. நீ எப்பிடியாவது என்ரை மானத்தைக் காப்பாத்து."

இவ்வளவு காலமும் நாங்கள் சிரித்த ஆலோசனைகளெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கின. மனம் பாரமாகப் போய்விட்டது. அதனால் அண்ணை சொல்லாமலே டூட்டிங் நூலகத்துக்குப் போய் ரோம் பற்றிய புத்தகம் எடுத்து உட்கார்ந்து பாடமாக்கினேன். ஏற்பாடு இதுதான்: நான் பின்னால் நின்று மெல்லச் சொல்லுவேன், அவர் முன்னால் நின்று உரக்கச் சொல்லுவார்.

ரோம் விமான நிலையத்தில் அதிகாரி அண்ணையின் பாஸ்போட்டை விரித்தும் பார்க்கவில்லை. மேலட்டையைக் கண்டதும் போ போ என்று கையைக் காட்டினார். அண்ணை போகவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, திரும்பப் போய், படத்தை ஒழுங்காகப் பார்க்கும்படி ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டார். அந்த மனிதர் திகைத்துப்போய்ப் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சிரித்துக்கொண்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

"இப்பத்தான் சரி" என்றார் அண்ணை. பாஸ்போட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து, பையை இரண்டு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

கொலோசியத்தில் எங்கள் ஏற்பாடு பிசகியது. நான் சொன்னது அவர் காதில் பாதிதான் விழுந்தது. மீதியை அவரே நிரப்பினார்.

"பவளம், இது இராசாமார் குளிச்ச இடம்."

"குளிக்கிற இடத்துக்கு ஏனப்பா இவ்வளவு படிக்கட்டு? சுத்திவர இருந்து பாக்கிற மாதிரியெல்லோ கிடக்கு?"

"இராசா குளிச்சால் சனம் பாக்காதோ?"

சாந்தி மறுபக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தாள். உள்ளே போகலாம் என்று அக்கா சொன்னார். வாசல் எது என்று அண்ணைக்குத் தெரியாது. புத்தகத்தில் பார்த்த எனக்கும் மறந்துவிட்டது. அண்ணை எங்களைச் சுற்றிச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தபோது எதிரே இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். தங்கள் பாட்டில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள், பாவங்கள்.

அண்ணையின் முகம் மாறிவிட்டது. அக்காவின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "நீ நட. திரும்பிப் பாக்காதை. நான் பின்னாலை வாறன்." நாங்கள் திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணவில்லை.

நான் பதறினேன். அக்கா பதறவில்லை. முதலில் பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்குள் எட்டிப் பார்த்தார். இல்லை. "ஸ்டேஷன் எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டு விறுவிறென்று நடந்தார். கூண்டுக்கு வெளியே நின்று நாங்கள் எல்லாரும் வேடிக்கையாகக் கேட்ட ஆலோசனைகளை, ஒன்றுவிடாமல் கவனித்துக் கேட்டிருந்தவர் அக்கா ஒருவர்தான்.

ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு தேவாலயம். முன்வரிசையில் அண்ணை முழந்தாளிட்டு இருந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் இருந்தார். நாங்கள் பின்னால் நின்றோம்.

"என்னப்பா இது? உங்களிட்டைப் பாஸ்போட் கிடக்கெல்லோ?"

"மறந்துபோனன் பவளம்."

பிறகு அண்ணை தலையைக் குனிந்தபடி சொன்னார். "நான் அந்தக் கொலோசியத்துக்குள்ளை ஒருநாளும் போகேல்லை. ஒண்டும் பாக்கேல்லை. உனக்குப் பொய்தான் சொன்னனான்."

"இராசா குளிக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது" என்றார் அக்கா. "அப்ப இஞ்சை என்னத்தைத்தான் பாத்தனீங்கள்?"

"இந்த வாங்கிலை படுத்தனான். குளிர் முடியுமட்டும்."

அக்கா அந்த மரப் பெஞ்சை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். பிறகு அவர் எழுந்து சேலையை உதறிச் சரிசெய்தார். "எழும்புங்கோ. மிச்சத்தையும் காட்டுங்கோ."

காட்டினார். தண்ணீர் குடித்த தெருக்குழாயைக் காட்டினார். நேற்றைய பாணைப் பின்கதவால் கொடுத்த பேக்கரியைக் காட்டினார். ஏஜெண்ட் வருவான் வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்த மாடி யன்னலைக் காட்டினார். அன்றைக்கு யாரும் பின்னால் நின்று சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை. நடைபாதையை அடைத்தபடி நாலு பேரும் ஒன்றாய் நடந்தோம். அண்ணை சத்தமாய்க் கதைத்தார். ஒவ்வொரு இடத்திலும் அக்கா நின்று, பார்த்து, தலையாட்டிவிட்டுத்தான் நகர்ந்தார். கொலோசியத்தின் உட்புறத்தை நாங்கள் யாரும் இன்றுவரை பார்க்கவில்லை.

லண்டனுக்குத் திரும்பிய கிழமையே இன்சூரன்ஸ் செல்வம் பெற்றோல் ஷெட்டில் காத்திருந்தான். கூடவே இன்னும் நாலைந்து பேர், எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு. அக்கா அண்ணைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்.

"எப்பிடி அக்கா? அண்ணை உண்மையிலை ரோமைப் பாத்தவரோ?"

கூண்டுக்குள் அண்ணை சிகரெட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன், அக்கா முந்திக்கொண்டார்.

"இவரைப் போல ரோமைப் பாத்த ஆள் லண்டனிலை ஒருத்தரும் இல்லை" என்றார். "உங்களுக்கெல்லாம் அது விளங்காது."

அண்ணை நிமிரவில்லை. அடுத்து நின்ற வெள்ளைக்காரரிடம் பெற்றோலுக்குக் காசு வாங்காமலே 'தாங்யூ' சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போதும் யாராவது ரோமுக்குப் போகிறேன், ஏதாவது சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டால், அண்ணையின் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அவர் சொல்வதில் ஒன்றுகூட உதவாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவரோடு ஒரு தேத்தண்ணீர் குடிக்காமல் ஒருவர் ரோமுக்குப் போவதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை.