மூன்றாம் தூணுக்கு ஒரு முட்டு

மூன்றாவது தூண் மட்டும் அரை விரல் குட்டையாக நின்றது. அதன் மேலே தண்டவாளம் தொய்ந்துபோய், பொம்மை ரயில் பாலம் பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

குடும்பத் தலைவர் மேஜை முன் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பலகையில் நீல வண்ணம் பூசிய ஆறு, அதன் குறுக்கே மரத் தூண்கள். எல்லாம் அவரே அறுத்து நிறுத்தியவை.

"அளந்துதானே அறுத்தீங்க?" என்றாள் மனைவி. வெளியே கிளம்பத் தயாராகிக் கைப்பையோடு நின்றிருந்தாள்.

"அளவு எதுக்கு? எனக்குக் கண்ணே போதும்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். இத்தனை வருஷ அனுபவம் சும்மாவா?"

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பொம்மைப் பாலத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

மகள் தன் புது இன்ஜினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். "பாலம் ஆடாம நிக்கட்டும்ப்பா. அப்புறம்தான் தருவேன். விழுந்தா உடைஞ்சிடும்."

கிளம்புவதற்குள் அந்த இன்ஜின் ஒரு தடவையாவது பாலத்தைக் கடந்தாக வேண்டும். தலைவருக்கு அது மானப் பிரச்சினை.

குட்டைத் தூணுக்கு அடியில் மகளின் ரப்பரைச் செருகினார். தொய்ந்திருந்த தண்டவாளம் இப்போது கூன் போட்டது. சளைக்காமல் மற்ற தூண்களுக்கும் ஆளுக்கொரு மெல்லிய ரப்பர் வைத்தார். பாலம் சமமாகிவிட்டது. ஆனால் இரண்டு கரைகளையும்விட ஒரு படி உயரத்தில் நின்றது.

"ரயில் படியேறிப் போகுமாப்பா?"

"கரையைத் தூக்கிட்டாப் போச்சு!"

பலகையின் ஒரு பக்கத்துக்கு அடியில் பழைய பத்திரிகைகளைத் திணித்தார். கரை உயர்ந்தது. கூடவே ஆறும் சாய்ந்தது. தூண்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து ஓய்வெடுத்தன.

மனைவி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஏங்க, தப்பாயிட்டா எப்பவும் இப்படித்தான் அடியில எதையாவது சொருகுவீங்களா?"

"அதுக்கு முட்டுக் கொடுக்கறதுன்னு பேரு. மேல பெயின்ட் அடிச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"கடவுளே!" அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்து பசை வந்தது. தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும் ரகம். தூண்களை நிமிர்த்தி, ஒவ்வொன்றின் காலிலும் தாராளமாக ஊற்றினார். பசை வழிந்த கையைப் பாலத்தின் ஓரத்தில் ஊன்றி அழுத்திப் பிடித்தார்.

"இப்பப் பாரு, மலை மாதிரி நிக்குது. இன்ஜினை வை."

மகள் அரை மனதோடு வைத்தாள். இன்ஜின் மெல்ல ஊர்ந்து பாலத்தின் நடுவுக்கு வந்தது. தலைவர் பெருமையோடு கையை எடுத்தார். சட்டைக் கையோடு பாலமும் கிளம்பி வந்தது. இன்ஜின் தலைகுப்புற ஆற்றில் விழுந்து, புகைபோக்கி தனியாகத் தெறித்தது.

மகள் வீறிட்டாள். தலைவர் கையை உதறிப் பார்த்தார். புதுச் சட்டையின் கையில் பாலம், ரப்பர்கள் சகிதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"சரி விடு" என்று சமாளித்தார். "ஒரு தடவை விழுந்தாத்தானே எங்க வீக்குன்னு நமக்கே தெரியும்?"

மனைவி பாய்ந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நானும் பாப்பாவும் வரலைங்க."

"விளையாடறியா? நீங்க ரெண்டு பேரும் வராம எப்படி?"

"எனக்குத் தலை சுத்துது. பாப்பாவுக்கும் சுத்தும்."

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. டிரைவர் பல்லெல்லாம் தெரிய உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கிளம்பலாமா, சீஃப் இன்ஜினியர் சார்? நீங்க கட்டின ஆத்துப் பாலத்துல முதல் ரயில் விடப் போறாங்க, அம்மாவுக்கும் பாப்பாவுக்கும் முதல் பெட்டியிலயே இடம் போட்டு வெச்சிருக்காங்க!"